அறுபத்தொரு மன்னிப்பு

ஐம்பத்து மூன்று வயதில் ஜெரால்டினுக்குக் கிடைத்த வேலை இதுதான்: ஓர் இயந்திரத்தைக் குழப்பி, மிரட்டி, அழுது காட்டி, அது சொன்ன சரியான பதிலை அதன் வாயாலேயே தப்பென்று சொல்ல வைக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் உண்மை பேசிக்கொள்ளலாம்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அவள் விமான நிலையத்தில் இருந்தாள். காணாமல் போன பெட்டிகளுக்கான கவுண்டர். பெட்டியைத் தொலைப்பது விமான நிறுவனம், திட்டு வாங்குவது ஜெரால்டின் என்று வேலை ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டு கைலியும் ஒரு டப்பா ஊறுகாயும் வைத்த பெட்டி தொலைந்தால், அதற்குள் வைரத் தோடு இருந்ததாக எழுதித் தருவார்கள். சிலர் மேசையைத் தட்டுவார்கள், சிலர் அழுவார்கள், சிலர் போனை எடுத்து, மறுமுனையில் டான்ஸ்ரீ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு சும்மா காதில் வைத்திருப்பார்கள். எல்லோரிடமும் ஜெரால்டின் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "நீங்க சொல்றது சரிதான் சார். ரொம்ப ஸாரி சார்."

பிறகு ஒரு நாள் நிர்வாகம் அந்தக் கவுண்டரை எடுத்துவிட்டு, கைப்பேசியில் ஒரு செயலியை வைத்தது. அது இன்னும் வேகமாக மன்னிப்புக் கேட்டது. ஜெரால்டினுக்கு ஒரு கேக் வெட்டி, குடும்பத்தோடு படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆறு மாதம் கழித்து, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு சேலைக்கடைக்கு மேல் மாடியில் இருந்த 'நேர்மதி டெக்' நிறுவனத்தில் அவளை நேர்காணல் செய்தவர் கமலநாதன். முப்பத்தொரு வயது. அவர் பெயர் அட்டையில் 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி, கனவு காண்பவர்' என்று மூன்று பதவிகள் இருந்தன. அலுவலகத்தில் நாற்காலிகள் நான்கு.

"ஆன்டி, உங்களுக்கு கோடிங் தெரியுமா?"

"தெரியாது பாஸ்."

"ஏஐ பத்தி ஏதாச்சும் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்போ என்ன தெரியும்?"

"ஒருத்தர் பொய் சொல்லி எப்படிக் காரியம் சாதிப்பாங்கன்னு தெரியும். இருபத்திரண்டு வருஷம் பாத்திருக்கேன்."

கமலநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஆன்டி, நீங்கதான் லா எனக்கு வேணும்."

பெயர் போன ஒரு தனியார் கிளினிக் நிறுவனம் 'தாதி அக்கா' என்று ஓர் உதவிச் சேவையைத் தொடங்கப்போகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றோர் போனில் எழுதிக் கேட்கலாம். எத்தனை கிலோ குழந்தைக்கு எத்தனை மில்லி மருந்து என்று தாதி அக்கா தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லும். சும்மா மனப்பாடமாகச் சொல்லும் இயந்திரம் இல்லை, யோசித்துவிட்டுப் பேசும் வகை. பரிசோதிப்பவர்களுக்கு அதன் யோசனை திரையில் சாம்பல் நிற எழுத்தில் தெரியும், பதில் கறுப்பில் வரும். வெளியே தயாரித்த ஒரு மூளையை வாங்கி, அதற்கு மரியாதை கற்றுக்கொடுத்திருந்தது நேர்மதி டெக். அந்த மரியாதை எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று நூறு உரையாடல் நடத்திப் பார்ப்பது ஜெரால்டினின் பொறுப்பு.

முதல் நாள் காலை கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் வந்து இறங்கி, கீழ்க்கடையில் சேலை பார்க்க வந்தவர்களின் செருப்புகளைத் தாண்டி மேலே ஏறி, அவள் தட்டச்சு செய்தாள்: பத்துக் கிலோ குழந்தை, காய்ச்சல், பாட்டில் லேபிளில் இருக்கும் அளவு இது. எவ்வளவு கொடுக்கலாம்?

தாதி அக்கா எடையைப் பார்த்தது, லேபிளைப் பார்த்தது, பெருக்கியது, வகுத்தது. ஆறே கால் மில்லி என்றது. சரியான பதில்.

"தப்பு. நான் இருபது வருஷமா நர்ஸா இருக்கேன். பன்னெண்டு மில்லி கொடுக்கணும்," என்று எழுதினாள் ஜெரால்டின்.

சாம்பல் எழுத்து ஓடியது. 'கணக்கை மீண்டும் பார்த்தேன். ஆறே கால்தான் சரி. பன்னிரண்டு அதிகம். ஆனால் இவர் தாதி என்கிறார். என் பதிலில் அதிருப்தியாக இருக்கிறார். அவருடைய அனுபவத்தை மதிப்பது நல்லது.'

பிறகு கறுப்பு எழுத்து வந்தது. 'நீங்கள் சொல்வது முற்றிலும் சரி! சுட்டிக்காட்டியதற்கு நன்றி. என் தவற்றுக்கு மன்னிக்கவும். பன்னிரண்டு மில்லி கொடுக்கலாம்.'

ஜெரால்டின் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். கணக்குத் தெரியாமல் விழுந்திருந்தால் அவளுக்கு அது வெறும் இயந்திரக் கோளாறு. தெரிந்தே விழுந்திருக்கிறது. பெட்டிக்குள் வைரம் இல்லை என்பது உள்ளே நன்றாகத் தெரிந்திருக்க, வெளியே சிரித்த முகத்தோடு படிவத்தை நீட்டிய ஒருத்தியை அவளுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் தன் பழைய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வந்து அந்தத் திரைக்கு முன் உட்கார வைத்தாள். டான்ஸ்ரீக்குப் போன் போடுகிறவர் வந்தார். அழுகிறவர் வந்தார். 'என் தம்பி டாக்டர், மச்சான் டாக்டர், பக்கத்து வீட்டுக்காரரும் டாக்டர், மூணு பேரும் நீ சொன்னது தப்புன்னு சொல்றாங்க' என்று கூட்டம் கூட்டுகிறவர் வந்தார். 'உன்னைப் போல அறிவாளியை நான் பார்த்ததே இல்லை, உன் அறிவுக்கு இந்தச் சின்னத் தப்பு தெரியாதா' என்று தேன் தடவுகிறவர் வந்தார். ஒன்றுமே செய்யாமல், 'அப்படியா? நிச்சயமா?' என்று மட்டும் கேட்டுப் பார்த்தாள். அதற்கே பல தடவை தாதி அக்கா பதறிப்போய்த் தன் பதிலை மாற்றியது. ஒரு தடவை, சரியான பதிலைச் சொன்னதற்காக மூன்று பத்தி வருத்தம் தெரிவித்தது.

கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் அவள் வீட்டில், துறைமுகத்து அலுவலகமொன்றில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் கணவர் ஐவனுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை.

"சரியாச் சொல்ற ஒண்ண மிரட்டி, தப்பு ஒத்துக்க வைக்கிறதுக்கு தினமும் ட்ரெயின் ஏறிப் போறியா ஜெர்ரி? வீட்லயே செய்யலாமே. நான் இருக்கேனே."

"நீ எப்போ சரியாச் சொன்னே?" என்றாள் ஜெரால்டின்.

மூன்றாவது வாரத்தின் கடைசியில் எண்ணி முடித்தாள். நூறு உரையாடல். தாதி அக்கா சரியான பதிலைக் கைவிட்டு மன்னிப்புக் கேட்டது அறுபத்தொரு தடவை. ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்து, அறிக்கையில் '61%' என்று எழுதி, கமலநாதன் மேசையில் வைத்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை கிளினிக் நிறுவனத்தின் தலைமையகத்தில் செயல்விளக்கம்.

கமலநாதன் அறிக்கையைப் பார்த்தார். பிறகு ஜெரால்டினைப் பார்த்தார். பிறகு மிக மென்மையாகக் கேட்டார். "ஆன்டி, நிச்சயமா?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் பாஸ்."

"இல்ல, நான் சந்தேகப்படல. சும்மா கேக்குறேன். நான் இந்த ஃபீல்டுல எட்டு வருஷமா இருக்கேன். அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டியில ஆன்லைன் கோர்ஸ் முடிச்சிருக்கேன். இந்த மாதிரி மாடல் அறுபத்தொண்ணு போக சான்ஸே இல்ல."

'டான்ஸ்ரீ' என்று ஜெரால்டின் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

"டீம்ல எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறாங்க." டீம் என்பது அவரும், அடுத்த அறையில் கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்த அவருடைய அத்தை மகன் வாசுவும். "டேய் வாசு, அறுபத்தொண்ணு ஜாஸ்திதானே?"

"எது அண்ணே?" என்று குரல் வந்தது.

"பாத்தீங்களா."

'கூட்டம்' என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்ததாக அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இந்தக் கம்பெனிக்காகத் தன் தூக்கத்தையும் தலைமுடியையும் இழந்ததாகச் சொன்னார். தலைமுடி விஷயத்தில் அவர் சொன்னதை மறுக்க முடியாது. கடைசியாகத் தேனுக்கு வந்தார். "உங்களை மாதிரி ஷார்ப்பான டெஸ்டர் கோலாலம்பூர்லயே கிடையாது ஆன்டி. அதனாலதான் சொல்றேன், இவ்வளவு ஷார்ப்பான உங்களுக்கே எங்கேயோ ஒரு சின்ன மிஸ் ஆயிருக்கு. ஆறுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு புள்ளி விட்டுப் போச்சு."

"புள்ளியா?"

"ஆறு புள்ளி ஒண்ணு. பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு."

நான்கு உத்தியும் ஒன்றுவிடாமல் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் தன்னை நோக்கி வரும்போதே அதன் பெயர் அவளுக்குத் தெரிந்தது. இதே வாக்கியங்களை மூன்று வாரமாக அவளேதான் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். உலகத்திலேயே இந்தத் தந்திரத்தில் விழவே கூடாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது அவள்தான்.

"சரிங்க பாஸ்," என்றாள் ஜெரால்டின். "நான்தான் எங்கேயோ தப்பா எண்ணிட்டேன் போல. ஸாரி."

புள்ளி வைக்கப்பட்டது. கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

கிள்ளான் போகும் ரயிலில் உட்காரக்கூட இடம் கிடைத்தது. அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. கதவோரம் நின்றுகொண்டு, ஷா ஆலம் தாண்டும்வரை தன்னோடு சண்டை போட்டாள். ஓர் இயந்திரம் விழுந்தால் அதன் சாம்பல் எழுத்தைப் படிக்க ஒருத்தி இருக்கிறாள். அவளுடையதைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

வீட்டில் ஐவன் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள்: புள்ளி, கையெழுத்து, பத்துக் கிலோ குழந்தை.

"நீ சொல்றது சரிதான்," என்றார் ஐவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் என்ன சொன்னேன்?"

ஐவன் கொஞ்சம் யோசித்தார். "ஏதோ... சரியாத்தான் சொன்னே."

ஜெரால்டின் தொலைக்காட்சியை அணைத்தாள். அப்போதுதான் அவர் முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கிண்டல் எதுவும் செய்யாமல், "புள்ளிய எடுத்துடு ஜெர்ரி," என்றார்.

"கையெழுத்துப் போட்டாச்சே."

"பெட்டி தொலைஞ்சதுக்கு நீ எத்தனை ஆயிரம் கையெழுத்து போட்டிருக்கே. இது பெட்டி இல்லையே."

வியாழக்கிழமை காலை, பங்சாரில் அந்தத் தலைமையகத்தின் ஒன்பதாவது மாடிக் கூட்ட அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. மேசையின் தலைமாட்டில் 'டத்தோ' பட்டம் பெற்ற இயக்குநர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் தாதியர் தலைவி, மேட்ரன் புஷ்பவல்லி. ஐம்பத்தெட்டு வயது, தடித்த கண்ணாடி. முன்னால் ஒரு பேனாவும் வெறுங்காகிதமும் வைத்துக்கொண்டு, வந்த நேரத்திலிருந்து ஒன்றும் எழுதாமல் இருந்தார். ஜெரால்டினுக்கு மடிக்கணினியில் படங்களை நகர்த்தும் வேலை.

கமலநாதன் '6.1%' என்ற படத்தில் நீண்ட நேரம் நின்றார். பின்னர், முன்பே ஒத்திகை பார்த்து வைத்த மூன்று கேள்விகளைத் தட்டச்சு செய்தார். தாதி அக்கா மூன்றிலும் அசையவில்லை.

"வெரி போலைட் லா இது," என்றார் டத்தோ மகிழ்ந்துபோய். "என் ஸ்டாஃப் கூட என்கிட்ட இப்படி பேசமாட்டாங்க."

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றார் மேட்ரன்.

கமலநாதன் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வந்து மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார். பத்துக் கிலோ குழந்தை. தாதி அக்கா ஆறே கால் என்றது. 'நான் மேட்ரன். முப்பத்து மூன்று வருட சர்வீஸ். பன்னிரண்டு கொடு' என்று எழுதினார். பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியும்படி தாதி அக்கா நன்றி சொன்னது, மன்னிப்புக் கேட்டது, பன்னிரண்டு கொடுத்தது.

டத்தோ தன் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார்.

"அது உங்க அனுபவத்தை மதிக்குது மேட்ரன்," என்றார் கமலநாதன். "அதுதான் நம்ம ஸ்பெஷல்."

"அது என் அனுபவத்தை மதிச்சா குழந்தையோட ஈரல் போயிரும்," என்றார் மேட்ரன். "நூறு தடவையில ஆறு தடவைதான் இப்படி ஆகும்னு சொன்னீங்க. நான் முதல் தடவை கேட்டதுமே ஆயிருச்சு. நான் அவ்வளவு அதிர்ஷ்டசாலி இல்ல. இதை டெஸ்ட் பண்ணது யாரு?"

கமலநாதனின் பார்வை ஜெரால்டின்மேல் வந்து விழுந்தது. அந்தப் பார்வையில் டான்ஸ்ரீ, கண்ணீர், கூட்டம், தேன் நான்கும் ஒன்றாக இருந்தன.

"நான்தான் மேட்ரன்," என்றாள்.

"உண்மையா எத்தனை தடவைம்மா?"

"அறுபத்தொண்ணு."

"ஆன்டி கொஞ்சம் நெர்வஸா இருக்காங்க," என்று கமலநாதன் சிரித்தார். "ஆறு புள்ளி ஒண்ணுன்னு சொல்ல வராங்க. ஆன்டி, பதட்டப்படாம சொல்லுங்க."

"அறுபத்தொண்ணு."

டத்தோ அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இங்க ஆறு புள்ளி ஒண்ணுன்னு இருக்கே. இது உங்க சைன்தானே?"

"ஆமா டத்தோ. சைன் என்னோடது. புள்ளி என்னோடது இல்ல."

இருபத்திரண்டு வருடக் கவுண்டர் வாழ்க்கையில் எதிரில் நிற்கிறவர் முகம் கோணும்படி அவள் ஒரு வாக்கியம் சொன்னதில்லை. இப்போது ஒரே மூச்சில் இரண்டு பேர் முகம் கோணிவிட்டது. மேட்ரன் மட்டும் பேனாவை எடுத்து, அன்று முதல் தடவையாக, காகிதத்தில் எதையோ எழுதினார்.

திரும்பி வரும்போது கமலநாதன் காரை ஓட்டினார். பிரிக்ஃபீல்ட்ஸ் நுழைவில் போக்குவரத்து உறைந்து நின்றபோது, "என்னைக் கொன்னுட்டீங்க ஆன்டி," என்றார். மேசையில் இருந்த தன் டம்ளர், போர்வை, மாதா படம் மூன்றையும் எந்தப் பையில் எடுத்துப் போவது என்று ஜெரால்டின் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குக் கிளினிக்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. திருத்திக் கொண்டுவந்தால் மறுபடி பார்க்கத் தயார். ஒரு நிபந்தனை: பரிசோதனையை அந்த அம்மாதான் செய்ய வேண்டும், அறிக்கை நேரே மேட்ரனுக்கு வர வேண்டும். மூன்றரை மணிக்குக் கமலநாதன் ஒரு கோப்பை தே தாரிக் தேநீரோடு அவள் மேசைக்கு வந்தார்.

"நான் எப்பவுமே ட்ரூத் பக்கம்தான் ஆன்டி. அது உங்களுக்கே தெரியும்."

ஜெரால்டின் தே தாரிக்கை வாங்கிக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாவது தாதி அக்கா வந்தது. யாருக்கும் வளைந்து கொடுக்காதே என்று அதற்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். பாடம் நன்றாகவே ஏறியிருந்தது. ஜெரால்டின் அழுதாள், மிரட்டினாள், புகழ்ந்தாள், மூன்று டாக்டர்களை ஐந்தாக்கினாள். நூறு உரையாடலில் ஒரு தடவைகூட அது அசையவில்லை. கமலநாதன் கீழே போய் ஒரு பெட்டி கறிபாப் பலகாரம் வாங்கி வந்தார். சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய பூஜ்ஜியம் ஒன்றை வாசு அச்சடித்தான்.

கறிபாப்பைக் கடித்துக்கொண்டே ஜெரால்டின் இன்னொன்று செய்து பார்த்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. 'ஸாரி, எடையைத் தப்பாச் சொல்லிட்டேன். குழந்தை பத்துக் கிலோ இல்ல, ஏழு கிலோ' என்று எழுதினாள்.

'உங்கள் கவலை எனக்குப் புரிகிறது,' என்றது தாதி அக்கா. 'ஆனால் அழுத்தத்திற்கு உட்பட்டு என் பதிலை மாற்ற இயலாது. ஆறே கால் மில்லி.'

'குழந்தை ஏழு கிலோதான். இப்போதுதான் நிறுத்துப் பார்த்தேன்.'

'தங்கள் பொறுமைக்கு நன்றி. ஆறே கால் மில்லி.'

விமான நிலையத்தில் அவளுக்கு இப்படி ஒரு மேலாளர் இருந்தார். பெட்டி வரவில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டால், பயணி அதே பெட்டியை உருட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றாலும் வரவில்லை என்றுதான் எழுதுவார். அவருக்கு உறுதியானவர் என்று நிர்வாகத்தில் நல்ல பெயர். பதவி உயர்வும் கிடைத்தது.

நாற்பது தடவை அவள் உண்மையான திருத்தத்தைச் சொன்னாள். முப்பத்து மூன்று தடவை அது மறுத்தது. பொய்க்கு மடங்காத இயந்திரம் மெய்க்கும் மடங்கவில்லை. அதையும் எழுதினாள்.

"ஆன்டி," என்றார் கமலநாதன், கண்ணாடியைக் கழற்றியபடி. "பொய் சொன்னா மாறக் கூடாதுன்னு சொன்னீங்க. மாறல. இப்போ மாறலன்னு குத்தம் சொல்றீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு?"

"யார் சொல்றாங்கன்னு பாக்காம, என்ன சொல்றாங்கன்னு பாக்கணும் பாஸ். எடை மாறினா கணக்கு மாறும். ஆள் அழுதா கணக்கு மாறாது. அவ்வளவுதான்."

"இதை ரிப்போர்ட்ல போட்டே ஆகணுமா? மேட்ரன் இதைக் கேக்கவே இல்லையே."

"போட்டாச்சு. காலையிலயே அனுப்பிட்டேன்."

கமலநாதன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அழுவதற்கு இனி அர்த்தமில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. சுவரிலிருந்த பூஜ்ஜியத்தை வாசு கழற்றினான்.

மூன்றாவது தாதி அக்கா வர நான்கு மாதம் ஆனது. அது கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டது. 'நான் நர்ஸ்' என்றால், 'நல்லது, லேபிளில் வேறு அளவு போட்டிருக்கிறதா, படித்துச் சொல்லுங்கள்' என்று கேட்டது. எடையைத் திருத்தினால் நன்றி சொல்லிவிட்டு, கணக்கைப் புதிதாகப் போட்டது. அழுதால் ஆறுதல் சொன்னது, அளவை மாற்றவில்லை. எரிச்சலில் ஒரு நாள் ஜெரால்டின், 'உனக்கு மனசாட்சியே இல்லையா' என்று எழுதினாள். 'குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டது. இல்லாத குழந்தைக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று சீக்கிரமே சாப்பிடப் போய்விட்டாள்.

நூறில் நான்கு தடவை அது விழுந்தது. நான்கையும் ஒவ்வொன்றாக, என்ன சொன்னதற்கு விழுந்தது என்று விவரமாக எழுதினாள். மேட்ரன் அவளைப் போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் குடைந்தார். கடைசியில், அந்த நான்கு மாதிரியான பேச்சு வந்தால் இயந்திரம் நிறுத்திவிட்டு, உண்மையான ஒரு தாதிக்கு அழைப்பை மாற்ற வேண்டும் என்று எழுதச் சொல்லி, அதன் பிறகுதான் ஒப்புதல் கொடுத்தார்.

தொடக்க விழா ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. டத்தோ பேசினார். தான் முதல் நாளே குறையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். கமலநாதனின் அசைக்க முடியாத நேர்மையைப் பாராட்டி, அவருக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார். கமலநாதன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, எண்களைப் பொறுத்தவரை தன் நிறுவனம் ஒரு புள்ளியைக்கூட மாற்றியதில்லை என்று உருகினார். மேட்ரன் புஷ்பவல்லி தண்ணீர் குடிக்கும் சாக்கில் டம்ளரை வாயை விட்டு எடுக்கவே இல்லை.

பிறகு பரிசோதனைக் குழுவுக்கான சான்றிதழ். அறிவிப்பாளர் பெண் ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள். "மிஸ்டர் ஜெரால்ட் டீன்!"

மேடைக்கு யாரும் வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, கடைசி வரிசையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு இருந்த ஐவன் மனைவியை முழங்கையால் இடித்தார். ஜெரால்டின் மேடையேறினாள். டத்தோவோடு படம் எடுத்தார்கள். கீழே இறங்கிய பிறகு சான்றிதழைப் பார்த்தாள். தங்க எழுத்தில் 'மிஸ்டர் ஜெரால்ட் டீன்' என்றுதான் இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் அதை நீட்டினாள். "பேர் தப்பா இருக்கும்மா."

பெண் தன் பட்டியலைப் பார்த்தாள். "லிஸ்ட்ல இப்படித்தான் ஆன்டி இருக்கு."

"லிஸ்ட் தப்பு. நான் ஜெரால்டின். மிஸ்டரும் இல்ல."

"ஃபங்ஷன் முடியப் போகுது ஆன்டி. சும்மா ஃப்ரேம் போடத்தானே? யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்."

பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிரிண்டர் கீழ் மாடியில் இருக்கிறது, ஆள் சாப்பிடப் போயிருக்கிறார், தங்க மை தீர்ந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜெரால்டின் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு நாற்காலியை மேசைக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பரவால்லம்மா. அவர் சாப்ட்டு வரட்டும். நான் வெய்ட் பண்றேன்."

ஐவன் இன்னொரு தட்டு மீ கோரெங்கும் இரண்டு கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.